கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள்

சிற்றலை ரேடியோவை இப்போதுதான் கையில் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நான் நூற்பாலையில் வேலை பார்த்தவன். மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தேன். அரை நைட் முடிந்து வீட்டுக்கு வந்தால் உடனே தூக்கம் வராது. காதுக்குள் ஸ்பிண்டில் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை அடக்கத்தான் ரேடியோவைத் திருக ஆரம்பித்தேன். கேட்பது பழக்கமாகி, கேட்ட நிலையங்களுக்கு எழுதுவதும் பழக்கமாகி, கிட்டத்தட்ட ஐம்பது வருடம் ஓடிவிட்டது. போன மாதம் எங்கள் தெருவில் கல்லூரி படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் வந்து, "தாத்தா, வெளிநாட்டு ரேடியோவுக்கு எப்படி எழுதணும்?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே எண் போட்டு எழுதுகிறேன்.

1. பேசுகிறவருக்குத் தன் குரல் கேட்காது. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெய்ஜிங்கில் ஒரு அறையில் உட்கார்ந்து அறிவிப்பாளர் தமிழில் பேசுகிறார். அந்தப் பேச்சு நமக்கு பெய்ஜிங்கிலிருந்து நேரே வருவதில்லை. நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கும் கஷ்கர், தெற்கே இருக்கும் குன்மிங் போன்ற ஊர்களில் நிற்கும் கோபுரங்கள்தான் தெற்காசியாவைப் பார்த்து அலையை வீசுகின்றன. பி.பி.சி. நம் பக்கத்துக்கு சிங்கப்பூர் கிராஞ்சியிலிருந்தும் ஓமனிலிருந்தும் அனுப்பியது. கோபுரத்திலிருந்து கிளம்பிய அலை வானத்தில் சுமார் 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மின்னேற்றம் பெற்ற அடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டித் தரையிறங்குகிறது. நடுவில் உள்ள ஊர்களில் அது காதில் விழாமலே போகலாம். கோபுரத்தின் அடியில் நிற்கும் பொறியாளருக்கு எத்தனை கிலோவாட் வெளியே போகிறது என்று மீட்டர் சொல்லும். அது சிவகாசியில் எப்படி வந்து இறங்கியது என்று அந்த மீட்டருக்குத் தெரியாது. பக்கத்து அலைவரிசைக்காரன் மேலே ஏறிக்கொண்டானா, குரல் அலைந்ததா, அரை மணி நேரம் பேசியதில் பத்து நிமிடமாவது புரிந்ததா என்பதை எல்லாம் யாராவது எழுதிச் சொன்னால்தான் உண்டு. அந்த நிலையத்துக்கு இந்தப் பக்கத்தில் நீங்கள்தான் காது. இந்த எண்ணம் இருந்தால் போதும். கீழே சொல்வதில் பாதி உங்களுக்குத் தானாகவே வந்துவிடும்.

2. இருக்கிற செட்டில் ஆரம்பியுங்கள். தாத்தா காலத்து பிலிப்ஸோ மர்ஃபியோ பரணில் கிடந்தால் இறக்கித் துடைத்துப் பாருங்கள். புதிதாக வாங்குவதானால், எண் காட்டும் டிஜிட்டல் செட்டாக வாங்குங்கள். டெக்சன் போன்ற கம்பெனிகளின் சின்ன செட்டுகள் ஆரம்பக்காரர்களுக்குத் தாராளமாகப் போதும். முள் ஓடும் பழைய செட்டில் 9500-க்கும் 9550-க்கும் நடுவில் ஒரு மயிரிழைதான் இடைவெளி இருக்கும். எங்கே நிற்கிறோம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நான் அந்த முள்ளோடுதான் இருபது வருடம் மல்லுக்கட்டினேன். நீங்கள் அந்தப் பாடு படவேண்டியதில்லை.

வாங்கிய முதல் வாரமே "ஒன்றும் எடுக்கவில்லை" என்று பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். ஒரு மாதம் பொறுங்கள். பெரும்பாலும் குறை பெட்டியில் இருக்காது. அடுத்த விஷயத்தில் இருக்கும்.

3. வீட்டுக்குள் இருக்கும் இரைச்சலை முதலில் பிடியுங்கள். இன்றைக்குச் சிற்றலைக்குப் பெரிய எதிரி நம் வீட்டு எல்.இ.டி. பல்பும், செல்ஃபோன் சார்ஜரும், இன்வெர்ட்டரும்தான். ஒரு நாள் சாயங்காலம் ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்தால் கரகரப்பு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது மாடிப்படி பல்பு. அதை மாற்றியதும், நான்கு மாதமாக எனக்குக் கேட்காமல் இருந்த நிலையம் அன்று ராத்திரியே கேட்டது.

கரன்ட் போனால் மற்றவர்கள் விசிறியைத் தேடுவார்கள். நீங்கள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுங்கள். தெரு முழுவதும் இருட்டி, எல்லா வீட்டு சார்ஜரும் அடங்கிய அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அதைப்போல ஒரு சமயம் கிடைக்காது. பட்டையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாகத் திருகினால், வழக்கமாக வெறும் "உஸ்" என்று இருக்கும் இடங்களில் எல்லாம் ஆள் இருப்பார்கள். ஓரிடத்தில் அரபு மொழியில் ஓதுவது கேட்கும். அதை அடுத்து மெல்லிய புல்லாங்குழல், அதற்கும் அப்பால் என்ன மொழி என்றே தெரியாத ஒரு பெண்ணின் செய்தி வாசிப்பு. சிற்றலையில் எனக்குப் பிடித்துப்போன நிலையங்களில் பாதி மின்வெட்டு ராத்திரிகளில்தான் எனக்குக் கிடைத்தன.

4. ஏரியல். செட்டோடு வரும் கம்பி போதும்தான். ஆனாலும் மாடியில் பத்து மீட்டர் செம்பு ஒயரை இரண்டு கழிகளுக்கு நடுவே கட்டி, ஒரு முனையை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து செட்டின் கம்பியில் கிளிப் போட்டுவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். கரன்ட் ஒயர் போகும் பக்கமாக மட்டும் கட்டாதீர்கள். இடி மின்னல் அறிகுறி தெரிந்தாலே ஒயரைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் எந்த நிலையமும் முக்கியமில்லை.

5. எந்த நேரத்தில் எந்தப் பட்டை என்பதை உடம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். 3,00,000-ஐ கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வரும். 11,900 கிலோஹெர்ட்ஸ் என்றால் 25 மீட்டரைச் சேர்ந்தது. 9,500 என்றால் 31 மீட்டர். பழைய அறிவிப்பாளர்கள் "சிற்றலை இருபத்தைந்து மீட்டரில்" என்று சொன்னது இதைத்தான்.

பகலில் சூரிய வெளிச்சம் பட்டு, சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கீழடுக்கு உண்டாகிறது. அது தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்து போகும். அதனால்தான் பகலில் 19, 16, 13 மீட்டர் பட்டைகளும், இருட்டியபின் 31, 41, 49 மீட்டர் பட்டைகளும் உயிரோடு இருக்கும். பொழுது விடியும் நேரத்தையும் விளக்கு வைக்கும் நேரத்தையும் தவறவிடாதீர்கள். தொலைதூர நிலையங்கள் எதிர்பாராமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது அந்த வேளைகளில்தான். சூரியப் புள்ளிகளுக்குச் சுமார் 11 வருடச் சுழற்சி ஒன்று உண்டு. புள்ளிகள் நிறைய இருக்கும் வருடங்களில் உயர்ந்த அலைவரிசைகள் ராத்திரி வெகுநேரம்வரை திறந்திருக்கும். குறைந்த வருடங்களில் அந்தி சாய்ந்ததும் அவை மூடிக்கொள்ளும். போன வருடம் கேட்டது இந்த வருடம் கேட்கவில்லையே என்று கலங்காதீர்கள்.

6. அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை மாறும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும் சிற்றலை உலகத்தில் கிட்டத்தட்ட பண்டிகை நாட்கள். அன்றைக்குப் பெரும்பாலான நிலையங்கள் அலைவரிசையையோ நேரத்தையோ மாற்றும். புது அட்டவணையை நிலையத்தின் அறிவிப்பிலிருந்தே எடுங்கள். பழைய தாளை நம்பிக் காத்திருந்து ஏமாறாதீர்கள்.

7. உலக நேரத்தில் யோசிக்கப் பழகுங்கள். யூ.டி.சி. என்பது நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் குறைவு. நம் இரவு 8 மணி அங்கே 14.30. இதில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை விடியற்காலை 5 மணிக்குக் கேட்டீர்கள் என்றால், யூ.டி.சி. கணக்கில் அது ஞாயிறு இரவு 23.30. தேதியும் ஒன்று குறையும். நேரத்தைச் சரியாக மாற்றிவிட்டுத் தேதியை மாற்ற மறந்தால், நீங்கள் கேட்காத நாளைக் கேட்டதாக எழுதியவர் ஆகிவிடுவீர்கள். நிலையத்தில் பதிவேட்டை எடுத்துப் பார்ப்பவருக்கு உங்கள் அறிக்கை பொருந்தாது. ஒரு சின்ன கடிகாரத்தை யூ.டி.சி.யில் வைத்து ரேடியோ பக்கத்திலேயே நிறுத்திவிடுங்கள். என்னிடம் இருப்பது நாற்பது வருடப் பழைய டைம்பீஸ். அது என் வீட்டில் நம் நேரத்தை ஒருநாளும் காட்டியதில்லை.

8. ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் நிலையம் தன் அடையாள இசையைத் திரும்பத் திரும்பப் போடும். மொழி தெரியாவிட்டாலும் யார் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. நம் அகில இந்திய வானொலியின் விடியற்கால இசையைச் செக் நாட்டிலிருந்து வந்த வால்டர் காஃப்மன் அமைத்தார் என்பதைப் பலர் அறிந்திருப்பீர்கள். அதைப்போல ஜெர்மனியின் டாய்ச்ச வெல்லே, பீத்தோவனின் 'ஃபிடேலியோ' இசைநாடகத்திலிருந்து ஒரு துண்டை மணியோசையாக வாசித்து வந்தது. 1931 பிப்ரவரியில் மார்க்கோனியே முன்னின்று அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலி, 'கிறிஸ்துஸ் வின்சித்' மெட்டை ஒலிக்கும். வெறும் இரைச்சலுக்கு நடுவில் அந்த நாலைந்து சுரம் மட்டும் தேய்ந்து தேய்ந்து வருவதைக் கேட்டு, முள்ளைத் தொடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நேரங்கள் எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கின்றன.

9. நிலையத்தின் பெயரைக் காதால் கேட்காமல் எழுதாதீர்கள். அட்டவணையில் அந்த அலைவரிசைக்கு நேரே ஒரு பெயர் இருக்கிறது என்பதற்காக நீங்கள் கேட்டது அதுதான் என்று ஆகாது. விலை குறைந்த செட்டுகளில் பொய்த் தோற்றம் ஒன்று வரும். செட்டுக்குள் 455 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும் பகுதி ஒன்று இருக்கிறது. அதன் இருமடங்கு, அதாவது 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, பலமான நிலையம் இன்னொரு முறை தலைகாட்டும். 11,910-இல் இருப்பவர் 11,000-இலும் பேசுவார். புது நிலையம் கிடைத்துவிட்டது என்று துள்ளுவதற்கு முன் 910 கூட்டி அங்கே போய்ப் பாருங்கள். அதே குரல் அங்கே இன்னும் பலமாகக் கேட்டால், உண்மையான இடம் அதுதான்.

10. ஒரு நோட்டு போடுங்கள். நாற்பது பக்க நோட்டே போதும். தேதி, யூ.டி.சி. நேரம், கிலோஹெர்ட்ஸ், நிலையம், மொழி, கேட்டது என்ன, எப்படிக் கேட்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே எழுதுங்கள். காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று படுத்தால் பாதி போய்விடும். போன பாதியை மனம் தானாகவே இட்டு நிரப்பும். அப்படி நிரப்பிய வரி பார்ப்பதற்கு உண்மையான வரியைப் போலவே இருக்கும் என்பதுதான் ஆபத்து.

11. சின்போ எண்ணை இரக்கப்பட்டுப் போடாதீர்கள்.

நிலையம் எப்படிக் கேட்டது என்பதைச் சொல்லும் சின்போவில் (SINPO) ஐந்து எழுத்துக்கு ஐந்து எண். ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை. 5 என்றால் மிக நன்று. முதலாவது குறிப்பலையின் பலம். இரண்டாவது வேறு நிலையங்களின் குறுக்கீடு. 5 என்றால் குறுக்கீடே இல்லை. மூன்றாவது இடி, மின்சாதனம் முதலியவற்றின் இரைச்சல். நான்காவது அலைவு, அதாவது குரல் ஏறி இறங்கி மங்குவது. ஐந்தாவது மொத்தத்தில் எப்படி என்பது. 35433 என்று எழுதினால், பலம் நடுத்தரம், யாரும் குறுக்கே வரவில்லை, இரைச்சல் கொஞ்சம், குரல் மிதமாக அலைந்தது, மொத்தத்தில் சிரமப்படாமல் ஓரளவு கேட்கலாம் என்று பொருள்.

புதிதாக வருபவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் குழப்பிக்கொள்வார்கள். நிலையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கோ அந்த வித்தியாசம்தான் வேண்டும். இன்னொரு நிலையம் மேலே ஏறுகிறது என்றால் அவர் அலைவரிசையை மாற்றலாம். உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் கரகரத்தால் அவர் என்ன செய்ய முடியும்? குறுக்கிட்ட நிலையம் எது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அதைப் போன்ற ஒரு வரிக்காக அவர்கள் பல கடிதங்களைப் புரட்டுவார்கள்.

மொத்த மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்காதீர்கள். முதல் நான்கில் ஒன்று 2 என்று இருக்கும்போது கடைசியில் 4 வருவதற்கு வழியில்லை. எல்லாவற்றுக்கும் 5 போட்டால் நிலையத்துக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறோம். அவர்களுக்கு அது எந்த உதவியும் செய்யாது. கேட்கவில்லை என்று நாலு பேர் எழுதாததால் ஒரு நல்ல அலைவரிசை மாற்றம் நடக்காமல் போயிருக்கலாம்.

12. நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. நாம் கேட்டதை உறுதிசெய்து ஒரு ஐரோப்பிய நிலையம் அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டைமேல் எனக்கு அப்படி ஓர் ஆசை. பனிமலை படம் போட்ட அட்டை அது, கூட வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் இருந்தது. எனக்கு அந்த நிலையம் ஒரு வாரமாகப் பிடிபடவில்லை. ஒரு ராத்திரி ஐந்து நிமிடம் மட்டும் லேசாகக் கேட்டது, பிறகு போய்விட்டது. அவர்கள் தபாலில் அனுப்பியிருந்த நிகழ்ச்சி அட்டவணை என்னிடம் இருந்தது. அதைப் பார்த்து, செய்தி கேட்டேன், அதன்பின் விவசாயம் பற்றிய உரை கேட்டேன், பிறகு நாட்டுப்புற இசை கேட்டேன் என்று வரிசையாக எழுதி, 55555 போட்டு, ஏரோகிராமில் அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மெல்லிய தாளில் டைப் அடித்த கடிதம் வந்தது. நான்கே வரி. எழுதியதற்கு நன்றி, நீங்கள் குறிப்பிட்ட நாளில் எங்கள் நாட்டில் துக்கம் அனுசரித்ததால் வழக்கமான நிகழ்ச்சிகள் எதுவும் ஒலிபரப்பாகவில்லை, முழுவதும் வாத்திய இசைதான் போனது, தேதியைச் சரிபார்த்து மறுபடியும் எழுத முடியுமா? கடிதத்தில் குற்றம்சாட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. கையெழுத்துக்குக் கீழே என் பெயரைச் சரியாக எழுத முயன்றிருந்தார்கள். அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. நான் கேட்ட அந்த ஐந்து நிமிடமும் வாத்திய இசைதான். அதை மட்டும் எழுதியிருந்தால் போதும், அறிக்கை சரியாக இருந்திருக்கும்.

ஒன்றரை வருடம் நான் எந்த நிலையத்துக்கும் எழுதவில்லை. பிறகு அதே நிலையத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, கூடவே உண்மையாகக் கேட்ட இருபது நிமிடத்துக்கு ஓர் அறிக்கையும் வைத்தேன். 24322 என்று நினைவு. பனிமலை அட்டை வந்தது. அதை நான் சட்டம் போட்டு மாட்டவில்லை. நோட்டுக்குள் அந்த டைப் கடிதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

13. கடிதம் எழுதும் முறை. குறைந்தது இருபது நிமிடமாவது கேட்டுவிட்டு எழுதுங்கள். முதல் பத்தியில் நீங்கள் யார், எந்த ஊர் என்று இரண்டு வரி. ஊர்ப் பெயரோடு மாநிலத்தையும் நாட்டையும் எழுதுங்கள். பக்கத்தில் இருக்கும் பெரிய நகரம் எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசை என்றும் சொல்லுங்கள். பெய்ஜிங்கிலோ தோக்கியோவிலோ இருப்பவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அடுத்து தேதி, நேரம், அலைவரிசை, சின்போ, செட், ஏரியல். அதற்கடுத்து நேரவாரியாக என்ன கேட்டது என்று. "14.32: பெண் குரலில் செய்தி, நெல் விளைச்சல் பற்றி, 14.41: ஆண் குரல், பேட்டி, 14.47-லிருந்து இரண்டு நிமிடம் குரல் மங்கியது" என்பது மாதிரி. "செய்தி கேட்டேன், பாட்டு கேட்டேன்" என்று மொட்டையாக எழுதினால் அதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். புரியாத மொழி என்றால் கவலை வேண்டாம். கேட்ட ஊர்ப் பெயர்கள், வாத்தியங்கள், ஆண் குரலா பெண் குரலா என்பதை எழுதினாலே பொருத்திப் பார்த்துவிடுவார்கள்.

தமிழ்ப் பிரிவு உள்ள நிலையத்துக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பு கூடும் என்று நினைக்காதீர்கள். இன்று மின்னஞ்சலில் இரண்டு நிமிட ஒலிப்பதிவை இணைத்து அனுப்பலாம். பெரும்பாலான நிலையங்கள் அதை விரும்புகின்றன. ஆனால் பதிவை மட்டும் அனுப்பிவிட்டு விவரம் எழுதாமல் விடாதீர்கள்.

காலண்டர் அனுப்புங்கள், டி-ஷர்ட் அனுப்புங்கள், ரேடியோ அனுப்புங்கள் என்று முதல் கடிதத்திலேயே கேட்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற பழக்கம்.

14. நிகழ்ச்சியைப் பற்றியும் எழுதுங்கள். பொறியாளருக்குச் சின்போ போதும், பேசினவருக்குப் போதாது.

சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஆரம்பித்தது. அப்போது அதற்குப் பெயர் பீகிங் ரேடியோ. இரண்டு நாடுகளுக்கும் போர் நடந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. தமிழைப் படித்துக் கற்றுக்கொண்ட சீனர்கள், கலைமகள், கலையரசி போன்ற தமிழ்ப் பெயர்களைச் சூட்டிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தார்கள். அவர்கள் பேசும் தமிழைப் புரிந்துகொண்டு கேட்க ஒரு கூட்டம் இருக்கிறது என்பதே அவர்களுக்கு நேயர் கடிதங்களால்தான் தெரிந்தது. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் நேயர் மன்றங்கள் முளைத்தன. கடிதம் வாசிக்கும் நிகழ்ச்சியில் பெயரும் ஊரும் வந்தால் மறுநாள் டீக்கடையில் அதுதான் பேச்சு. நான் ஒரு முறை, ஓர் அறிவிப்பாளர் 'ழ'கரத்தை எவ்வளவு திருத்தமாகச் சொல்கிறார், நம் பிள்ளைகளுக்கே வரவில்லையே என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்து அதை வாசித்துவிட்டு, அந்தக் குரல் ஒரு கணம் நின்று, பிறகு "நன்றி" என்றது. அந்த 'நின்ற' கணம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பாராட்டு மட்டும்தான் எழுத வேண்டும் என்றில்லை. எந்த இடம் அலுத்தது, எது புரியவில்லை, எது ஒருதலைப்பட்சமாகப் பட்டது என்றும் எழுதுங்கள். மரியாதையாக எழுதினால் போதும்.

15. ஒரே சம்பவத்தை மூன்று நிலையங்களில் கேளுங்கள். வெளிநாட்டுக்கு ஒலிபரப்பும் நிலையம் ஏறத்தாழ எல்லாமே ஏதோ ஒரு அரசின் பணத்திலோ, ஒரு சபையின் பணத்திலோ நடப்பது. அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. எதைச் சொல்கிறார்கள் என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 1986 ஏப்ரல் 26-ஆம் தேதி செர்னோபிலில் அணு உலை வெடித்தது. 28-ஆம் தேதி ஸ்வீடனில் கதிர்வீச்சு கூடியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அன்று இரவுதான் மாஸ்கோ சில வரிகளில் விபத்து என்று ஒப்புக்கொண்டது. என் நோட்டில் அந்த வாரப் பக்கங்களில் மாஸ்கோ, லண்டன், வாஷிங்டன் என்று மூன்று பத்தி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். மாஸ்கோ பத்தியில் அடுத்தடுத்த நாட்களில் மே தின ஊர்வலம்தான் நிறைய. அந்த மூன்று பத்திகளும் பத்திரிகை படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்ததை வேறு எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. இலங்கையில் போர் நடந்த வருடங்களிலும் அப்படித்தான். கொழும்பு, டில்லி, லண்டன் பி.பி.சி.யின் தமிழோசை என்று மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் அங்கே சொந்தபந்தம் இருந்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

16. இணையத்தில் கேட்பது தப்பில்லை. சொல்லாமல் இருப்பது தப்பு. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு சிற்றலைப் பெட்டி இணையத்தில் இணைக்கப்பட்டு, உலகத்தில் யார் வேண்டுமானாலும் திருகிக் கேட்கும்படி இருக்கிறது. இதைப்போல பல ஊர்களில் இப்போது உண்டு. பட்டை எப்படி இருக்கும், குரல் எப்படி அலையும் என்று பழகிக்கொள்ள அருமையான வழி. ஆனால் அங்கே கேட்டது நெதர்லாந்தில் விழுந்த அலை. அதை விருதுநகரில் விழுந்ததாக எழுதிவிடக் கூடாது. எந்த ஊர்ப் பெட்டி என்று எழுதுங்கள். ஏற்பதும் ஏற்காததும் நிலையத்தின் விருப்பம். செயலியிலோ இணையதளத்திலோ கேட்டால் சின்போ தேவையே இல்லை. நிகழ்ச்சி பற்றிய கருத்தை மட்டும் எழுதுங்கள்.

17. அட்டைக்காகக் காத்திருக்கும்போது பொறுமை. கியூ.எஸ்.எல். என்பது தந்திக்காரர்களின் சங்கேதம். பெற்றுக்கொண்டேன் என்று பொருள். உங்கள் அறிக்கை அவர்கள் பதிவேட்டோடு பொருந்தியது என்பதற்கு அது சான்று. ஒரு மாதத்திலும் வரலாம், ஒரு வருடத்திலும் வரலாம், வராமலும் போகலாம். நினைவூட்டல் ஒரு முறை எழுதலாம், அதுவும் பணிவாக. இரண்டாவது முறை வேண்டாம். சில நிலையங்களில் இந்த வேலையைப் பார்க்க இப்போது ஒரே ஒருவர்தான் இருப்பார்.

18. தனியாகவே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். மாதம் ஒரு ஞாயிறு நாலு பேர் ஒரு வீட்டில் கூடினாலே மன்றம்தான். நான் பிடித்ததை உங்களால் பிடிக்க முடிகிறதா என்று பார்த்தால் இருவர் காதும் தேறும்.

19. மூடப்போகும் நிலையத்துக்கும் எழுதுங்கள். சுவிஸ் வானொலி 2004-இல் சிற்றலையை விட்டது. கனடாவும் நெதர்லாந்தும் 2012-இல் நிறுத்தின. ஆஸ்திரேலியா 2017 ஜனவரியோடு நிறுத்தியது. மணிலாவிலிருந்து தமிழிலும் பேசிய வேரித்தாஸ் 2018-இல் இணையத்துக்குப் போய்விட்டது. இனிமேல் எழுதி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிடாதீர்கள். கடைசி நாள்வரை யாரோ ஒருவர் கோபுரத்தடியில் நின்று அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

2017 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. லண்டனிலிருந்து 76 வருடமாக வந்துகொண்டிருந்த பி.பி.சி. தமிழ் வானொலிக்குக் கடைசி நாள். இரவு 9.15-க்குத் தமிழோசை, நான் 9 மணிக்கே மாடிக்குப் போய்விட்டேன். என் மனைவி நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ரேடியோ கேட்க அவள் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நிகழ்ச்சி முடிந்தபிறகும் அலை கொஞ்ச நேரம் நின்றது. பேச்சில்லாமல், வெறும் நிசப்தமாக. சட்டென்று அதுவும் போய், பழைய இரைச்சல் வந்து அந்த இடத்தை மூடிக்கொண்டது. யூ.டி.சி. கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரத்தை எழுதினேன். 45444 என்று போட்டேன். கீழே இறங்கி வந்து அந்த ராத்திரியே அறிக்கையை எழுதி முடித்தேன். பிறகு தபாலாபீஸில் போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன்.